இரண்டு மூடியிலும் எண்ணெய்

பள்ளிக்கூட முகாம்,
கல்லுமலைத் தோட்டம்.
12.12.2025

அண்ணே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. உன் காதுக்குச் செய்தி எட்டாது என்று தெரியும். ஆனால் கடுகண்ணாவையில் நீ வேலை செய்யும் மரக்காலையின் முதலாளி ரிஸ்கான் பேப்பர் வாங்குவார்தானே. எங்கள் மேட்டு லயத்து வீட்டு வரிசை முழுக்க மண்சரிவில் போனதை வாசித்திருப்பாய். வாசித்தும் நீ வரவில்லை. சரி, இருக்கட்டும்.

உன் மச்சான் இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார். மலை உறுமத் தொடங்கியதும் ஓட முடிந்தவர்கள் எல்லாரும் கோவிலடிக்கு ஓடிவந்துவிட்டோம். ஆட்டைக் கட்டிப்போட்டு வந்துவிட்டோமே என்று இவர்தான் திரும்பிப் போனார். "போகாதீங்க, ஆடு போனா போவுது"ன்னு கத்தினேன். "இந்தா வந்துட்டேன் புள்ள"ன்னார். ஆடு வந்தது. இவர் வரவில்லை. அந்த ஆட்டைப் பள்ளிக்கூட வாசலில் கட்டியிருக்கிறேன். அதன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் தழை ஒடித்துப் போடுகிறேன்.

ஆமி வந்தது, மண் தோண்டும் பெக்கோ வந்தது. புதைந்த மற்றவர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் காம்பிரா பக்கம் மட்டும் மேலே நின்ற அல்பீசியா மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து பின்னிக் கிடக்கின்றன. அதற்கு மேல் பெக்கோ ஏறினால் மண் மறுபடி சரியும் என்று திரும்பிவிட்டார்கள். பிறகு கிராம சேவகர் வந்து, தேடுவதை நிறுத்தியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இப்போது முகாமில் ஆளுக்கு ஆள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஒங்க அண்ணன் இன்னும் கோடி கொண்டாரலியா?" புருஷன் செத்தால் பிறந்த வீட்டுச் சேலையை அண்ணன் வந்து தோளில் போட வேண்டும், போட்டால்தான் தாலியைக் கழற்றலாம், காரியம் செய்யலாம் என்று எனக்குத் தெரியாதா? முகத்தைப் பார்க்காமல் நான் எதைக் கழற்றுவது? கோடியோடு நீ வருவதாக இருந்தால் வராதே, அண்ணே. சொல்லிவிட்டேன்.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. நீ கட்டுகஸ்தோட்டையில் பழசாக வாங்கி வந்தாயே, மரம் அறுக்கும் மிஷின், அது பத்திரமாக இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு போனதும் வீட்டில் வைக்க மாட்டேன் என்று இவர் அதைக் கோவில் ஸ்டோரில் போட்டுவிட்டார், தீமிதிக்கு விறகு அறுக்க ஆகும் என்று. அதனால் அது தப்பியது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அறுந்து கையோடு வந்துவிட்டது. அதைக் கிளப்புவது எப்படி என்று எழுது. அந்த மரங்களை அறுத்துவிட்டால் மண்ணை நாங்களே கையால் அள்ளிவிடுவோம்.

போன் எடுத்தால் உனக்குக் கேட்காது. உன் பட்டன் போனில் தமிழில் மெசேஜ் போட்டால் கட்டம் கட்டமாகத்தான் விழுமாம். போதாததற்கு இங்கே டவரும் விழுந்துவிட்டது. ஆட்டோக்கார ஹபீல் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்குகிறான், அவன் இதைத் தபாலில் சேர்ப்பான். பதிலை அவன் வீட்டு விலாசத்துக்குப் போடு.

தெய்வானை


மரக்காலை,
கடுகண்ணாவை.
17.12.2025

தங்கச்சி தெய்வானைக்கு,

என் கையெழுத்து இல்லையே என்று யோசிக்காதே. நான் சொல்லச் சொல்ல முதலாளியின் மனைவி ஜெஸீமா எழுதுகிறார். உன் கடிதத்தை நானே வாசித்தேன்.

பேப்பரில் உன் புருஷன் பெயர் போட்டிருந்தது. தங்கராஜ் என்று ஊரில் எத்தனையோ பேர் என்று மடித்து வைத்துவிட்டேன்.

நான் வரமாட்டேன். லயத்துச் சனம் முழுக்க நிற்க, "செவிடன் கையில மிஷின குடுத்தா நம்மள கொன்னு போட்டுருவான்"ன்னு சொன்னவன் உன் புருஷன். காதால் கேட்கவில்லை, அவன் வாயைப் பார்த்தே வாசித்தேன். அந்த மிஷினைப் பிடித்து, அதன் சத்தத்தில்தான் என் காது போனது. அதையே என் கையிலிருந்து பிடுங்கினான். இப்போது அவனை எடுக்க அதே மிஷின் வேண்டுமாக்கும். அவன் இருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன், இல்லாதவனிடம் என்ன பேசுவது.

அது பொம்பளை கிளப்பும் மிஷின் இல்லை. நீ கேட்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன். புதுக் கயிறும் பிளக்கும் எண்ணெய்க் குழாயும் ரிஸ்கான் முதலாளி தேடி எடுத்துத் தந்தார், இந்தப் பார்சலில் இருக்கிறது. பழைய குழாய் வெடித்திருக்கும், கழற்றி எறி. காபரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும், ஹபீலிடம் கொடு, ஆட்டோக்காரனுக்கு அது தெரியும். மிஷினில் இரண்டு மூடி இருக்கிறது, கைப்பிடி பக்கம் ஒன்று, வாள் பக்கம் ஒன்று. இரண்டு மூடியிலும் எண்ணெய் நிரப்பாமல் கயிற்றைத் தொடாதே. சங்கிலியை அரத்தால் தீட்டு. அவ்வளவுதான்.

மோகனராஜ்

தங்கச்சி, இது ஜெஸீமா, அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மரக்குவியலுக்குப் பின்னால் போய் நெடுநேரம் இருந்தார். அவர் வராதது கோபத்தில் மட்டும் இல்லை. மிஷின் அதிர்ந்து அதிர்ந்து அவர் விரல்கள் செத்துப் போய்விட்டன. குளிரில் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும், மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித்தான் குடிக்கிறார். வந்து சும்மா நிற்க வெட்கப்படுகிறார். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.


பள்ளிக்கூட முகாம்,
கல்லுமலைத் தோட்டம்.
23.12.2025

அண்ணே,

கை இப்படி ஆகியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் உன் தலையில் இருந்து கிரீடம் இறங்கிவிடுமா? ஜெஸீமா அக்காவைத் திட்டாதே, அவர் சொல்லாவிட்டால் உன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பேன். போன தடவை எழுதியதில் பாதியை அழித்துவிட்டதாக நினைத்துக்கொள். கோடி பற்றி எழுதியதை மட்டும் அழிக்கவில்லை.

பார்சல் வந்து சேர்ந்தது. மிஷினைக் கோவில் வாசலில் சாக்கு விரித்துப் பிரித்தோம். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. குழாய் நீ சொன்னது போலவே விரலில் பொடிந்தது. ஹபீல் காபரேட்டரைக் கழற்றினான், உள்ளே பழைய பெற்றோல் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. அவன் அதை ஊசியால் குத்திக் குத்திக் கழுவியதைப் பார்த்தால் குழந்தைக்குக் காது குத்துகிறான் என்பாய். சங்கிலியை நான் தீட்டினேன். ஒவ்வொரு பல்லாக அரம் போடும்போது மனசு கொஞ்சம் அடங்குகிறது, அண்ணே. கை சும்மா இருந்தால்தான் அந்த "இந்தா வந்துட்டேன்" காதில் விழுகிறது.

ஆனால் கிளம்ப மாட்டேன் என்கிறது. இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம், பெற்றோல் வாடை, அவ்வளவுதான். பிறகு அதுவும் இல்லை.

பொம்பளைகள் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். "கழுத்துல அத போட்டுக்கிட்டு எத்தன நாளைக்குடி இப்புடி அலைவே? அவரு ஆத்மா சாந்தியடைய வேணாமா?" என்று சுப்பம்மா அக்கா நேற்று கேட்டுவிட்டார். நல்லதுக்குத்தான் கேட்கிறார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு இன்னும் மண்ணுக்குள்ள ஒத்தையில கெடக்குறாரு, நான் மட்டும் இங்க குளிச்சி முழுகி சுத்தமாயிடவா?"ன்னு கத்திவிட்டேன். பாவம், எழுந்து போய்விட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது. மறுபடி மழை கறுக்கிறது.

தெய்வானை


மரக்காலை,
கடுகண்ணாவை.
27.12.2025

தங்கச்சி,

நீ கிளப்பத் தெரியாமல் மிஷினுக்குக் குடிக்கக் கொடுத்தே கொன்றிருக்கிறாய். காற்றை மூடும் சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே கயிற்றை இழுத்திருப்பாய், அதுதான் உள்ளே நிறைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி அடுப்பருகில் காயவை. பிளக் இல்லாமல் கயிற்றை நாலைந்து தரம் இழு, தேங்கியதெல்லாம் வெளியே தெறிக்கட்டும். பிறகு பூட்டு. சோக்கை இழுத்து வைத்து, ஒரு இருமல் வரும்வரை மட்டும் கயிற்றை இழு. இருமியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழு. இருமலைத் தவறவிடாதே, நான் தவறவிடமாட்டேன், எனக்குக் கைப்பிடியிலேயே அது தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்றா சொன்னேன், அப்போதெல்லாம் தெரியும்.

மறந்துவிடாதே, எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதே. இரண்டு மூடியையும் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்கு. மிஷினுக்கு எண்ணெய்தான் உயிர்.

கிளம்பியதும் எப்படிக் கத்துகிறது என்று எனக்கு எழுது. கட்டைக் குரலா, கீச்சுக் குரலா, புகை என்ன நிறம், எல்லாம் எழுது. காது போனாலும் அந்தச் சத்தம் மண்டைக்குள் அப்படியே இருக்கிறது. நீ எழுதினால் எனக்குக் கேட்கும்.

அன்றைக்கு நடந்ததை நீ அவன் பக்கம் நின்றுதான் பார்த்தாய். நான் மரத்துக்கு அடியில் நின்றேன். மேலே கிளை முறிந்ததும் அவன் கத்தியிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. ஓடிவந்து என்னை நெட்டித் தள்ளினான். கிளை அவன் காலருகில் விழுந்தது. எழுந்து பார்த்தால் அவன் முகம் வெளிறிக் கிடந்தது. அந்தப் பயத்தில்தான் அப்படிச் சொன்னான். எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். ஆனால் எல்லாரும் பார்க்க ‘செவிடன்’ என்றுவிட்டானே, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அங்கே இருப்பது? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மிஷினைக் கொடுத்திருப்பேன்.

அவன் கத்தியும் எனக்குக் கேட்கவில்லை, நீ கத்தியும் அவன் நிற்கவில்லை. எங்கள் இரண்டு பேர் காதும் ஒன்றுதான் போல.

அண்ணன்
மோகனராஜ்


பள்ளிக்கூட முகாம்,
கல்லுமலைத் தோட்டம்.
02.01.2026

அண்ணே! கிளம்பிவிட்டது!

பிளக்கை அடுப்பில் காயவைத்தேன், நீ சொன்ன மாதிரியே இருமியது. சோக்கைத் தள்ளிவிட்டு இழுத்தேன் பார், கோவில் மணியெல்லாம் அதிர்கிறது. ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. சுப்பம்மா அக்கா அழுதுவிட்டார். நானும்தான்.

கவலைப்படாதே, எண்ணெயில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஹபீல் தன் ஆட்டோவுக்கு அடிக்கும் கட்டுகஸ்தோட்டை ஷெட்டில் கான் நிறைய எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தான், இரண்டு மூடியிலும் வழிய வழிய ஊற்றினோம். தீரத் தீர ஊற்றுகிறோம்.

ஹபீலும் நானும் மாறி மாறிப் பிடிக்கிறோம். மேல் மரங்கள் எல்லாம் போய்விட்டன. மற்றவர்கள் துண்டுகளை உருட்டித் தள்ளுகிறார்கள். முன்பு தோண்டப் போகாதே என்றவர்கள்கூட இப்போது மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். சாயந்தரம் அடியில் ஒரு பெருமரத்துக்குக் கீழே பச்சை தெரிந்தது. இலை என்று நினைத்தேன். இல்லை அண்ணே, எங்கள் கதவு. தீபாவளிக்கு அவர் பச்சைப் பெயின்ட் அடித்த கதவின் மேல் விளிம்பு. கை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். "வந்துட்டேங்க"ன்னு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நீ சத்தத்தைப் பற்றிக் கேட்டாயே, எழுதுகிறேன். முதலில் கட்டைக் குரலில் உறுமிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் குரல் மெலிந்து, மேலே ஏறி, ‘ஙீ’ என்று கூராகப் பாடத் தொடங்கியது. சூடு பிடித்துவிட்டது, இனி நன்றாக ஓடும் என்று ஹபீல் சொன்னான். உன் காலத்தில் நீலப் புகை கக்கிக்கொண்டே இருக்குமே, இப்போது துளிப் புகை கிடையாது. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறோம். வாள்தான் கொதிக்கிறது, தண்ணீர் ஊற்றி ஆற வைக்கிறோம்.

ஒரே ஒரு மரம்தான் மிச்சம். நாளைக்கு அதையும் அறுத்துவிடுவோம். பிறகு நீ வா. கோடியோடு இல்லை, சும்மா வா. அவர் முகத்தை நீயும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ.

தெய்வானை


மரக்காலை,
கடுகண்ணாவை.
06.01.2026

தெய்வானை,

கயிற்றைத் தொடாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த இடத்திலேயே நிறுத்து. ஜெஸீமா ஹபீலுக்குப் போன் அடித்து அடித்துப் பார்க்கிறார், மேலே சிக்னல் இல்லை என்று வருகிறது. அவன் கீழே இறங்கியதும் முதலில் இதைக் கொடுக்கச் சொல்லி ரிஸ்கான் முதலாளியே அவன் வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

துளிப் புகை இல்லை என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததுமே இதை எழுதச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புகை அழுக்கு இல்லை புள்ள, அது உள்ளே எரிகிற ஓயில். ‘ஙீ’ என்று பாடியது சந்தோஷத்தில் இல்லை. இரும்போடு இரும்பு உரசி அழுதது. நீ எழுதிய சத்தம் எனக்குக் கேட்டது, நீ அருகில் இருந்தும் உனக்கு அது என்னவென்று தெரியவில்லை.

நான் எண்ணெய் என்று சொன்னது, ஓயில் கலந்த பெற்றோலை. மரம் அறுக்கிறவர்கள் நாங்கள் அதைத்தான் எண்ணெய் என்போம், எந்த நேரமும் கலந்தே கானில் இருக்கும். வாள் பக்க மூடிக்கு எண்ணெய் என்றது சங்கிலிக்குப் போடும் கறுத்த ஓயிலை. நீயும் ஹபீலும் எண்ணெய் என்றால் பெற்றோல் ஷெட்டில் வண்டிக்கு அடிப்பதைத்தானே நினைப்பீர்கள். அவன் ஆட்டோவுக்கு வெறும் பெற்றோல் போதும், இந்த மிஷினுக்கு அது விஷம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று ஊற்றியிருக்கிறாய். நேரில் நின்றிருந்தால் வாடையிலேயே பிடித்திருப்பேன். அதற்கு நல்ல காதும் வேண்டாம், நல்ல கையும் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். வந்து சும்மா நிற்க வெட்கப்பட்டேன். சும்மா நின்றிருந்தாலே போதுமாயிருந்தது.

கலந்த போத்தல் ஒன்றும் கறுத்த ஓயிலும் இதோடு வருகிறது. மிஷின் இன்னும் இறுகியிருக்காவிட்டால் பழையதைக் கொட்டிவிட்டு இதை ஊற்று. கயிறு அசையவில்லை என்றால் பலவந்தம் பண்ணாதே. பிஸ்டன் எங்காவது கிடைக்குமா என்று முதலாளி கண்டி முழுக்கக் கேட்டுவிட்டார். அந்த மாடலா என்று சிரிக்கிறார்களாம். குண்டசாலையில் ஒரு பழைய கடை இருக்கிறது, அங்கேயும் போகிறோம்.

ஒரு வரி எழுது. எதுவானாலும் எழுது.

அண்ணன்


பள்ளிக்கூட முகாம்,
கல்லுமலைத் தோட்டம்.
09.01.2026

அண்ணே,

உன் போத்தல் வந்தது. வாசலில் ஆட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நான் உனக்கு எழுதிய மறுநாள் காலையிலேயே அது நின்றுவிட்டது. கடைசி மரத்தில் பாதி போயிருந்தோம். ‘ஙீ’ என்று கத்திக்கொண்டே வந்தது, ‘டக்’ என்றது, அவ்வளவுதான். கயிறு கல்லில் கட்டிய மாதிரி நின்றுவிட்டது. ஹபீல் காலை ஊன்றி இழுத்தான், நானும் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வாளும் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கோடரியால் வெட்டினோம். எவ்வளவு வெட்டினாலும் அந்த மரம் தீரவில்லை.

மூன்றாம் நாள் மழை வந்தது. எல்லாரையும் கீழே விரட்டிவிட்டார்கள். இரவு முழுக்கக் கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தால் அந்த இடமே இல்லை. மேலிருந்து இன்னொரு மலை இறங்கி வந்து எல்லாவற்றையும் ஓடைக்குள் தள்ளிவிட்டது. மரம், கதவு, மிஷின், ஒன்றும் இல்லை. நின்று பார்த்தேன், எங்கே நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள், கிட்டப் போகக்கூடாதாம். உன் மிஷினும் அவரோடு போய்விட்டது.

ஹபீல் உன் கடிதத்தை வாசித்துவிட்டு என் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, நான்தான் பெற்றோல் அடிச்சிக்கிட்டு வந்தேன்"ன்னு அழுகிறான். நான் அவனைத் தேற்றினேன். நீ எழுதியதும் எண்ணெய்தான், நான் ஊற்றியதும் எண்ணெய்தான். இதில் யாரைப் பிடித்து அடிப்பது? உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வரும்போது கண்ணில் தண்ணீரோடு வராதே, அதைப் பார்த்தால் அந்தக் கோபம் திரும்பி வந்துவிடும்.

அந்தக் கதவைத் தொட்டேனே, அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். போதவில்லை.

குண்டசாலைக்கு அலைய வேண்டாம். பிஸ்டன் வேண்டாம். கட்டுகஸ்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் வா, ஹபீல் அங்கே நிற்பான். அவனிடம் பேசும்போது வாயைப் பார்த்துக்கொள், மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். ஆட்டைத் திரும்பிப் போகும்போது கூட்டிக்கொண்டு போய்விடு, என்னால் முடியவில்லை.

வரும்போது கோடி எடுத்துக்கொண்டு வா, அண்ணே. சுப்பம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்வார். விரல் மடங்காதே என்று யோசிக்காதே. சும்மா தோளில் போட்டால் போதும்.

தெய்வானை